தொடாத தட்டு

இதை எவரிடமாவது சொல்லத் தொடங்கினால் ஆவுடையம்மாளுக்கு முதலில் நாக்கு வறண்டுவிடும். எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். கதையோ கிருமியைப் பற்றியது. ஒரு வார்த்தை முன்பின் ஆனால் போதும், கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கை கழுவாமல் சோறு பிசைந்துவிடுவார். பிள்ளைக்கு வயிற்றால் போகும். ஆவுடைதான் அப்படிச் சொன்னாள் என்பார்கள்.

அதனால் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

"சோப்புப் போட்டுக் கை கழுவணும். அதுல ஒரு மாத்தமும் இல்ல. இனி சொல்லுதேன், கேளுங்க."

மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதே மதிலுக்குள் விடுதி. விடுதியில் சமையல் ஆவுடையம்மாள். பயந்த சுபாவம். சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். அரிசியில் கல் கிடக்குமோ, பாலில் பல்லி விழுந்திருக்குமோ, கடைசிப் பந்திக்குக் குழம்பு காணுமோ காணாதோ. இப்படிப் பயந்து பயந்தே பிள்ளைகளுக்குப் பல வருஷமாகச் சோறு போட்டுவிட்டாள்.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மதியம் தட்டு எடுக்கமாட்டார்கள். ஏதோ ஒரு கோடையில் தட்டு கழுவத் தண்ணீர் இல்லாமல் போனபோது ஆரம்பித்தது. பிறகு தண்ணீர் வந்தது, வழக்கம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. அகலமான பேசின் பாத்திரத்தில் சோறு, பருப்புக் குழம்பு, கீரை, மேலே நல்லெண்ணெய். ஆவுடையம்மாள் கையாலே பிசைவாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஓர் உருண்டை. வைக்கும்போது அவள் விரல் நுனி அந்த உள்ளங்கையை லேசாக ஒரு அழுத்து அழுத்தும். அவளுக்குத் தெரியாமலே நடக்கிற காரியம் அது. வாரம் முழுக்கச் சோற்றைக் கொறிக்கிற பிள்ளையும் அன்றைக்கு, "அக்கா, இன்னொண்ணு" என்று கையை மறுபடி நீட்டும்.

அந்த "இன்னொண்ணு" என்ற சொல்லுக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளும் அடுப்பில் வெந்தாள்.

அந்த வருஷம் உயிரியலுக்கு ஜெபராணி டீச்சர் வந்தாள். ஆவுடையம்மாளுக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பதில் வராது. எதையாவது எடுத்து வந்து முன்னால் வைப்பாள். "டீச்சர்ட்ட சந்தேகம் கேட்டா கையில ஒரு பாத்திரத்தைக் கொடுத்து அனுப்புதாங்க" என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

ஒரு நாள் டீச்சர் ஒரு புதுக் குக்கரையும் ஒரு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, இதைக் காய்ச்சித் தரணும்."

ஆவுடையம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "கடல்பாசிதான இது? நோன்புக்குக் காய்ச்சுவாங்களே."

"அந்தச் சாதிதான். கூட இந்தச் சத்துப் பொடியையும் போட்டுக் குக்கர்ல வைக்கணும்."

"யாருக்கு டீச்சர்?"

"கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கு."

ஆவுடையம்மாள் காய்ச்சிக் கொடுத்தாள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அதை வட்டமான சின்னக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினார்கள். மூடியுள்ள தட்டு, உள்ளங்கை அகலம். பெட்ரி தட்டு என்று அதற்குப் பெயர். கூழ் ஆறி இறுகியதும் அதில் விரலை ஒற்றி எடுத்து மூடிவிட வேண்டும். விரலில் இருக்கிற கிருமி அந்தக் கூழைத் தின்று பெருகும். இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக வந்து நிற்கும். இதுதான் சோதனை.

"பாத்தியா, கிருமிக்கும் நான்தான் சோறு பொங்கியிருக்கேன்" என்று ஆவுடையம்மாள் சொல்லிச் சிரித்தாள்.

சோதனைக்குத் தலைவி அகல்யா. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். பள்ளி விட்டதும் அவள் ஓடிவருவது சமையலறைக்குத்தான். அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். நடுவில் இறங்கிக் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்புக் காணாது" என்பாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பிள்ளைகள் வரும். ஒருத்தி வெங்காயம் உரிப்பாள். ஒருத்தி மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள்.

"அக்கா, உங்க கையும் வேணும்" என்றாள் அகல்யா.

"என் கை எதுக்குட்டி?"

"வார்டன் கை, வாட்ச்மேன் கை, எல்லாக் கையும் எடுக்கோம். சும்மா வாங்க."

சும்மா போகிறவளா ஆவுடையம்மாள்? டீச்சர் முன்னால் அழுக்குக் கையை நீட்டுவதா என்று பயம். தொட்டித் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவினாள். தோளில் கிடந்த பிடித்துணியால் நன்றாகத் துடைத்தாள். சட்டி இறக்குகிற துணி அது. பிறகு போய், பிரசவ அறைக்குள் நுழைகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து விரலையும் தட்டில் ஒற்றினாள்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளை வெப்பப்பெட்டியிலிருந்து எடுத்தார்கள். தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு. அதுதான் அவர்களுடைய வெப்பப்பெட்டி.

வாட்ச்மேன் கையில் கொஞ்சம் புள்ளி. வார்டன் கையில் கொஞ்சம். கழுவாத கைகளில்கூட ஏதோ அங்கங்கே. ஆவுடையம்மாளின் தட்டில் இடமே இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக, ஐந்து விரலும் ஐந்து பாத்தி கட்டின மாதிரி முளைத்துக் கிடந்தது.

"ஏ அம்மாடி! அக்கா கையில கீரைத் தோட்டம்லா இருக்கு!"

"அக்கா, அரைக்கட்டு குடுங்க, துவட்டுவோம்!"

சிரிப்பு அடங்கவில்லை. அகல்யா அட்டையில் வரிசை எழுதி ஆய்வக வாசலில் ஒட்டினாள். முதல் இடத்தில் ஆவுடையக்கா. ஆவுடையம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய?

அடுத்த சனிக்கிழமை பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வட்டத்தில் மூன்றாவதாக இருந்த ஒரு சின்னப் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டது.

"எனக்குக் கரண்டியில போடுங்கக்கா."

சின்னப் பிள்ளை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டது. ஆனால் அடுத்தவளும் கையை எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்தவள் தட்டு எடுத்துவர எழுந்தே போய்விட்டாள். ஆவுடையம்மாள் கையில் பிடித்த உருண்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வார்டன் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை வார்டன். அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"பெத்தவங்க காதுக்குப் போனா நான்தான் பதில் சொல்லணும் ஆவுடை. அந்தத் தட்டு உன் கை சுத்தம்னு சொல்லட்டும். அதுவரைக்கும் சனிக்கிழமை உருண்டை கிடையாது. கரண்டிதான்."

"அதுவரைக்கும்தானம்மா?"

"அதுவரைக்கும்தான்."

ஆவுடையம்மாள் நேரே ஆய்வகத்துக்குப் போனாள். ஜெபராணி டீச்சர் சோதனை முடிந்த தட்டுகளை ஒரு வாளியில் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு டீச்சர் இது?"

"முளைச்சதெல்லாம் செத்தப்புறம்தான் வெளியே கொட்டணும்."

ஆவுடையம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். தன் தோட்டம் எது என்று தெரிந்தது. அது வெளுத்துக் கரைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் கழுவிட்டுத்தான டீச்சர் வந்தேன்?"

"சோப்புப் போட்டா?"

"இல்ல. தண்ணிதான். ஆனா நல்லாத் தேய்ச்சேன்."

"எதுல துடைச்சீங்க?"

ஆவுடையம்மாளின் கை தானாகத் தோளுக்குப் போனது. துணி அங்கேதான் கிடந்தது.

"ரேகையில ஒதுங்கிக் கிடந்தது எல்லாம் மேல வந்து நின்னிருக்கும்" என்றாள் டீச்சர். "துணியில இருந்ததும் கூடச் சேர்ந்துக்கிட்டது. அவ்வளவுதான் அக்கா."

"எல்லாம் கெட்டதா டீச்சர்?"

"தட்டு எத்தனை பேர்னுதான் சொல்லும். யாருன்னு சொல்லாது."

ஆவுடையம்மாளுக்கு அது போதவில்லை. யார் என்று தெரியாத அத்தனை பேரைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

"எனக்கு ஒண்ணுமே முளைக்காத கை வேணும் டீச்சர். அதுக்கு வழி சொல்லுங்க."

டீச்சர் வழி சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். கூழ் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது. ஒரு புள்ளி இல்லை.

"இது யார் கை?"

"யார் கையும் இல்ல. எந்தச் சோதனை செஞ்சாலும் ஒரு தட்டைத் தொடாம வைப்போம். மத்ததை இதோட ஒப்பிட்டுப் பாக்கணும்ல, அதுக்காக."

ஆவுடையம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

"இப்படித்தான் டீச்சர். எனக்கு இப்படித்தான் வேணும்."

"இது எதையும் தொட்டதில்லக்கா" என்றாள் ஜெபராணி டீச்சர்.

ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள். வழி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தாள். தட்டிலிருப்பதைக் கொல்லும் என்றால் கையிலிருப்பதையும் கொல்லும்தானே? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்று பயம். விடியலில் எழுந்ததும் கையை அதில் முக்குவாள். அரிசி களைந்த பிறகு முக்குவாள். காய் நறுக்கி, கதவைத் தொட்டு, பால்காரரிடம் சில்லறை வாங்கி, எல்லாவற்றுக்கும் பிறகு முக்குவாள்.

சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. போட்டு வருஷக்கணக்காகியிருந்தது. துருப்பிடித்து நகராது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, அதைப் போடும்படி செய்தாள்.

சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம்.

"அக்கா, உப்புப் பாக்க வந்திருக்கேன்."

"வேண்டாம். போய்ப் படி."

"வெங்காயம் உரிக்கணும்லா?"

"நானே உரிச்சுக்கிடுவேன். நீ எதையெல்லாம் தொட்டுட்டு வந்தியோ."

வெளியிலிருந்து அகல்யா கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"என் மேல கோவமாக்கா? அட்டையில பேர் எழுதினதுக்கு?"

"கோவமெல்லாம் இல்லட்டி. கிருமி."

அகல்யா போய்விட்டாள். மறுநாள் வந்து தட்டினாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பிறகு வரவில்லை. வெங்காயம் உரிக்கிறவள் வரவில்லை. அழுகிறவள் வேறு எங்கேயோ போய் அழுதாள். சமையலறை கோயில் மாதிரி சுத்தமாக இருந்தது. பாத்திரம் பாத்திரமாக இருந்தது. ஒரு நாள் குழம்புக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள். யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

விரல் இடுக்கில் வெடிப்பு விட்டது. புளி கரைத்தால் உயிர் போகிற மாதிரி எரியும். எரிந்தால் நல்லது என்று நினைத்தாள். எரிகிறது என்றால் சாகிறது என்று அர்த்தம்.

பிறகு ஒரு நாள் பிள்ளைகள் மறுபடி சோதனை வைத்தார்கள். கடல்பாசி காய்ச்சியது இந்தத் தடவையும் ஆவுடையம்மாள்தான். கதவை அரை அடி திறந்து பாத்திரத்தை வெளியே தள்ளினாள். தன் முறை வந்ததும் கையை முக்கி எடுத்துக் காற்றிலே ஆறவிட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தாள். வழியில் எதிலும் படாமலிருக்க இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள். முன்போலத் தண்ணீரில் கழுவவில்லை, துணியில் துடைக்கவில்லை. ஐந்து விரலையும் ஒற்றினாள்.

தட்டு தெளிந்து வந்தது. ஒரு புள்ளி இல்லை. தொடாத தட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது.

"முளைக்கல டீச்சர்! பாத்தீங்களா, ஒண்ணுமே முளைக்கல!"

ஜெபராணி டீச்சர் தட்டைப் பார்க்கவில்லை.

"கையில என்னக்கா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னத் தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். ஆவுடையம்மாள் தொடவில்லை. எண்ணெய்க்குள் என்ன இருக்குமோ, யார் கண்டது?

"சரி. இந்தத் தட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றாள் டீச்சர்.

சனிக்கிழமை உருண்டைக்கு வார்டன் சந்தோஷமாகச் சரி சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் கையை மடியில் வைத்துக்கொண்ட சின்னப் பிள்ளை இந்தத் தடவை முதல் ஆளாக நீட்டியது. ஆவுடையம்மாளின் கை சுத்தம் என்று வார்டனே சொல்லியிருந்தாளே. ஆவுடையம்மாள் பேசினுக்குள் கையை விட்டாள். குழம்பின் சூடு வெடிப்பில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தாள். முதல் உருண்டையை உருட்டி எடுத்து நிமிர்ந்தாள்.

எத்தனை உள்ளங்கை!

இந்தக் கை காலையில் செருப்பைத் துடைத்திருக்கும். இந்தக் கை மூக்கைத் துடைத்திருக்கும். அந்தக் கை வாசல் நாயைத் தடவிவிட்டு வந்ததை அவளே பார்த்தாள். எல்லாவற்றிலும் தோட்டம் இருக்கிறது. தொட்டால் தன் கைக்கு வந்துவிடும். இத்தனை பாடுபட்டு வாங்கின சுத்தம்.

அவள் உருண்டையை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டாள். சின்னப் பிள்ளை பிடித்துக்கொண்டது. அடுத்த உருண்டை பாதி உடைந்து தரையில் சிந்தியது. மூன்றாவது உருண்டைக்குப் பிள்ளைகள் கிரிக்கெட் பந்துக்குப் போல இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தார்கள்.

அகல்யாவின் முறை வந்தது. அவள் கையில் விழுந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு ஆவுடையம்மாளைப் பார்த்தாள். சிரிக்க வைக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"என்னக்கா, நாய்க்குப் போடுத மாதிரி போடுதீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் உருண்டை விழுந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் தின்றார்கள். இன்னொண்ணு என்று ஒருத்தியும் கையை நீட்டவில்லை. பேசினில் பாதிச் சோறு மிஞ்சியது. சனிக்கிழமைப் பேசினில் சோறு மிஞ்சி ஆவுடையம்மாள் பார்த்ததே கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகையில் இடுப்பு ஒடிகிற மாதிரி கனத்தது.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போனாள்.

"டீச்சர், தட்டு சுத்தமா வந்துச்சு. என் கை சுத்தமா இருக்கு. பிறகு எதுக்கு டீச்சர் என் பேசின்ல சோறு மிஞ்சுது?"

கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ஜெபராணி டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பன் இருக்காக்கா? ஊசினது."

இந்தப் பெண்ணிடம் வந்து அழுதோமே என்று ஆவுடையம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. இருந்தாலும் போனாள். எறிவதற்கென்று ஒதுக்கிவைத்த கூடையில் ஒரு பன் கிடந்தது. பச்சைப் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

டீச்சர் கையுறை மாட்டினாள். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்று ஆவுடையம்மாளின் தெளிந்த தட்டு. இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாக நெருங்கி முளைத்திருந்தது.

"இது?"

"அகல்யா கை. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வெச்சதுதான்."

"கழுவியும் இத்தனையா?"

"நோய் கொண்டுவாறது கழுவினாப் போயிரும். தோலோட பிறந்து வளர்ந்தது போகாது."

டீச்சர் ஒரு கம்பியின் நுனியைத் தீயில் காட்டி ஆறவைத்தாள். பன்னிலிருந்து பூசணத்தை இம்மி தொட்டெடுத்து ஒரு தட்டின் நடுவில் ஒற்றினாள். மறுபடி தீ. மறுபடி இம்மி. இன்னொரு தட்டின் நடுவில் ஒற்றினாள். இரண்டையும் மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினாள்.

"இனி மூடியைத் திறக்கக் கூடாது. தினம் வந்து பாருங்க."

"என் கேள்விக்குப் பதில் சொல்லலையே டீச்சர்."

"தினம் வந்து பாருங்கக்கா."

மத்தியானப் பந்தி முடிந்ததும் ஆவுடையம்மாள் தினமும் போனாள். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு தன் தட்டின் நடுவில் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு வெள்ளை. யாரோ பஞ்சைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மறுநாள் அந்தப் பஞ்சு காலணா அகலம் ஆகியிருந்தது. அதற்கடுத்த நாள் நடுவில் பச்சை கண்டு, ஓரம் வெள்ளையாக நாலா பக்கமும் ஓடியது. அடுத்த திங்கட்கிழமைக்குள் தட்டின் சுவரில் போய் முட்டி, மூடியிலும் தொற்றிக்கொண்டு, உள்ளே கூழ் இருந்த அடையாளமே இல்லாமல் கறுத்த பச்சையாக அடைத்துக்கொண்டது.

அகல்யாவின் தட்டில் பூசணம் மூக்குத்தி அளவு இருந்தது. முதலில் எவ்வளவோ அவ்வளவே. அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

ஆவுடையம்மாள் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பெயர் மாற்றி ஒட்டியிருக்கிறார்களோ என்றுகூடத் திருப்பிப் பார்த்தாள். மாறவில்லை.

"டீச்சர், இதுதான சுத்தமான தட்டு?"

"ஆமா."

"அப்ப இதுலதான பிடிக்கக் கூடாது?"

டீச்சர் அகல்யாவின் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தத் தட்டுல ஏன் இது நகரல?"

"இடம் கொடுக்கல."

"யாரு கொடுக்கல?"

"அங்க குடியிருக்கறவங்க."

ஆவுடையம்மாள் தன் தட்டைக் கையில் எடுத்தாள். அடைத்துக்கொண்டு கிடந்த பூசணத்துக்கு நடுவே எங்கேயாவது ஒரு துளி கூழ் தெரிகிறதா என்று தேடினாள்.

"அப்ப என் தட்டுல?"

ஜெபராணி டீச்சர் எண்ணெய்க் குப்பியையும் ஒரு புதுச் சோப்புக் கட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அங்க, 'இது எங்க இடம், நீ போ'ன்னு சொல்ல ஒருத்தரும் இல்லக்கா."

ஆவுடையம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பள்ளி விடுகிற மணி அடித்தது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் சமையலறைப் பக்கம் திரும்பாமல் நேராக விடுதிக்குப் போனது. அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போகும்போது குப்பியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பிடித்துணியை வெந்நீரில் போட்டு அவித்துக் கொடியில் காயப்போட்டாள். கைக்கென்று வேறு துண்டு எடுத்து வைத்தாள். மீதியிருந்த பிளீச்சிங் பவுடரை ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியானம் நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டு, ஒரே ஒரு தடவை கழுவினாள். இன்னொரு தடவை கழுவலாமா என்று கை தொட்டிப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். எண்ணெய் தடவித் தடவி வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. பிசையும்போது எரியவில்லை.

பிள்ளைகளும் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அகல்யா வட்டத்தின் கடைசியில், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இரண்டு கையையும் குவித்துப் பிடித்திருந்தார்கள், பிடிப்பதற்குத் தயாராக.

ஆவுடையம்மாள் முதல் உருண்டையோடு எழுந்து போய் அகல்யாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நீட்டுட்டி."

அகல்யா ஒரு கையை நீட்டினாள். ஆவுடையம்மாள் உருண்டையை அதில் வைத்தாள். விரல் உள்ளங்கையில் அழுந்தியது. எடுக்க மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அகல்யா வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள்.

"உப்புக் காணாதுக்கா."

"வந்து பாத்துச் சொன்னாத்தான தெரியும்? மூட்டை மேல ஏறி உக்காரதுக்கு ஆள் இல்லாம என் சமையல் இப்படி ஆகிப்போச்சு."

"கதவு பூட்டிக் கிடக்கும்லா?"

ஆவுடையம்மாள் அடுத்த உள்ளங்கைக்கு நகர்ந்தாள். உப்புக் காணாத சோறுதான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "அக்கா, இன்னொண்ணு" என்றது. பேசினை வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வார்டன் சமையலறைப் பக்கம் வந்தாள். உள்ளே ஒரே இரைச்சல். அரிசி மூட்டைமேல் ஒருத்தி, அம்மிக்குப் பக்கத்தில் இரண்டு பேர், மூலையில் ஒருத்தி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு. ஆவுடையம்மாள் வாசலில் உட்கார்ந்து, தோசைக்கரண்டியின் நுனியால் கதவிலிருந்த கடைசித் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் மடியில் கிடந்தது.

வார்டன் திகைத்துப்போய் நின்றாள்.

"என்ன ஆவுடை, தாழ்ப்பாளைக் கழற்றுத? எதுக்கு?"

ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்மா."